வெங்காயம்: சாராள் காண்க

இம்மானுவேல் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பழவேற்காட்டிலிருந்து காலையில் வந்த இறால். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை உருவிக் கிண்ணத்தில் போட்டபடியே மனைவியின் பிரசங்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலையில் மதிய ஷிப்டுக்குப் போகுமுன் இந்த வேலையை முடித்தாக வேண்டும். ஹெலனுக்கு இன்றைக்கு அடுப்புப் பக்கம் திரும்பும் உத்தேசமே இல்லை. கையில் கரண்டியை ஒலிபெருக்கி மாதிரி பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

வருகிற புதன்கிழமை சாயங்காலம் அவள் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். கணினி வழிக் கூட்டம். உலகத்தில் ஆங்காங்கே வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்கு இண்டெக்ஸ் செய்து கொடுக்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுபவசாலி ஒருவர் அறிவுரை சொல்ல வேண்டுமாம். அனுபவசாலி யார் என்று தேடி, கும்மிடிப்பூண்டியில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசப்போவதை இம்மானுவேலுக்காகத் தமிழில் ஒத்திகை பார்த்தாள்.

“மொதல் அறிவுரை. புத்தகத்தோட பக்கமெல்லாம் முடிவாகி, இனிமே ஒரு எழுத்துகூட நகராதுன்னு ஆனப்புறம்தான் நீங்க வேலைய ஆரம்பிக்கணும். எழுதுனவர் எவ்ளோ சத்தியம் பண்ணாலும் நம்பாதீங்க.”

“சரி.”

“ரெண்டாவது. ஒரு சொல்லு புத்தகத்துல வருதுன்றதுக்காக அத எடுத்துப் போடாதீங்க. அங்க அதப்பத்தி எதாவது சொல்லியிருக்காங்களான்னு பாருங்க. சொல்லத் தேடறது மிஷினு. விஷயத்தத் தேடறதுதான் நாம.”

“இந்த எறாலு பாதி ஐஸு. அடுத்த தபா அந்தாள்கிட்ட வாங்காத.”

“மூணாவது. நீங்க செஞ்சதுல யாராவது ஒருத்தர் தப்பு கண்டுபுடிச்சி சொன்னா, கோச்சிக்காதீங்க. கும்புடு போடுங்க. ஏன்னா அவருதான் அத நெசமாவே தொறந்து தேடுன ஆளு.”

இம்மானுவேல் கிண்ணத்தை நகர்த்தினார். “எனக்கு ஒண்ணு புரியலமே. புக்குன்னா முன்னாடிலருந்து படிக்கிறது. பின்னாடிலருந்து எவன் படிக்கிறான்?”

இருபது வருடமாக அவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹெலனும் இருபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

தடித்த ஆங்கிலப் புத்தகங்களின் கடைசியில், பொடி எழுத்தில், இரண்டு பத்தியாக, ‘வௌவால், காதின் அமைப்பு’ என்று போட்டுப் பக்கத்தில் எண் கொடுத்திருப்பார்களே, அதைச் செய்கிறவள்தான் ஹெலன். அப்படி ஒன்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துப் படித்துச் செய்கிறார் என்பது கும்மிடிப்பூண்டியில் எவருக்கும் தெரியாது. தானாக விளைவது என்று நினைத்துக்கொள்வார்கள், அல்லது எதுவும் நினைக்க மாட்டார்கள். தெருவில் கேட்டால், “இம்மானுவேல் சம்சாரமா? கம்பீட்டர்ல பேரு எழுதுது” என்பார்கள்.

அவளுடைய அப்பா அடுத்தவர் வயல் வரப்புகளில் அண்டை வெட்டிய கூலியாள். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு ஆலை வாசலில் லோடு இறக்கினார். பெண்ணைப் பொன்னேரிக் கல்லூரியில் தாவரவியல் படிக்க வைத்தார். செடிகளைக் குடும்பம், உறவு என்று பிரித்து அடுக்குகிற பாடம் மட்டும் அவளுக்கு அல்வா மாதிரி இறங்கியது. படித்து முடித்ததும் சென்னையில், வெளிநாட்டுப் புத்தகங்களுக்குக் கணினியில் எழுத்துக் கோத்துப் பக்கம் கட்டித் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. தினமும் புறநகர் ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தாள். ஒரு நாள் காளான்களைப் பற்றிய ஒரு புத்தகம் வந்தது. எழுதிய பேராசிரியர் இண்டெக்ஸையும் தானே செய்திருந்தார். ‘நஞ்சு’ என்று தேடினால், ‘விஷம் காண்க’ என்றிருந்தது. ‘விஷம்’ என்ற இடத்துக்குப் போனால், ‘நஞ்சு காண்க’ என்றிருந்தது. காளான் தின்றவன் இரண்டுக்கும் நடுவில் ஓடியே செத்துப்போவான் என்று ஹெலன் அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்த கையோடு அதைச் சரிசெய்தும் கொடுத்தாள். தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு, மகள் ஜெபா பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே செய்தாள். ஜெபா இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய பழைய படிப்பு மேசைதான் ஹெலனுக்கு ஆபீஸ். ஜன்னல் விளிம்பில் உருக்காலையின் கரித்தூள் தினம் ஒரு படலம் படியும். அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால், இன்றைக்கு நார்வே நாட்டுப் பாலாடைக்கட்டி வரி, நாளைக்கு முன்னூறு வருடத்துக்கு முந்தைய பொய்முடி வியாபாரம். அவள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வராத விஷயம் கிடையாது. “பவளப்பூச்சிக்கு வர்ற வியாதி எத்தினி வகை தெரியுமா?” என்பாள். “ரசத்த ஊத்து” என்பார் இம்மானுவேல்.

அத்தனை புத்தகமும் கடல் தாண்டிப் போய்விடும். எவர் திறந்தார், எவர் தேடினார், ஒன்றும் தெரியாது. ஹெலனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. தனக்குத் தெரிந்த ஓர் ஆள், இந்த ஊர்க்காரர் ஒருவர், தான் செய்த பக்கத்தில் விரல் வைத்து எதையாவது தேடுவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அந்த ஆசைக்குத்தான் இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. சிப்காட் பக்கமிருந்த அவர்களுடைய சபைக்கு இருபத்தைந்து வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேராயர் முன்னிலையில், வெள்ளிவிழா மலர் வெளியீடு. சபையார் பலர் எழுதிய கட்டுரைகள். கடைசியில் ஓர் இண்டெக்ஸ் சேர்த்தால் என்ன என்று ஹெலன் கேட்க, சபைச் செயலாளர் எட்வர்ட், “இன்னாவோ போடு சிஸ்டர், புள்ளைங்களுக்கு ஒதவுனா சரி” என்று சொல்லியிருந்தார். அது முடிந்து, நான்கு தாளில் அச்செடுத்து, மேசையில் தயாராக இருந்தது. நாளைக்குச் சபையில் காட்டப்போகிறாள்.

இம்மானுவேல் கை கழுவினார். “இப்பத்தானே சொன்ன? பக்கம் முடிவாவறதுக்கு முன்ன கை வெக்காதன்னு?”

“எட்வர்ட் அண்ணன் வாக்கு குடுத்திருக்காரு. ஒரு புள்ளிகூட நகராதாம்.”

“சத்தியமே பண்ணாலும் நம்பாதன்னியே?”

“அது வெள்ளக்காரங்களுக்கு” என்றாள் ஹெலன். கரண்டியை வீசிப் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, டீ ஊற்றும் மேசையில் எட்வர்ட் அந்த நான்கு தாளையும் பரப்பினார். டீ ஆறிப்போகுமளவுக்குக் கூட்டம். கட்டுரைகளின் மாதிரிப் பக்கங்களும் பக்கத்திலேயே இருந்தன, ஒரு கையும் அதன்மேல் படவில்லை. அத்தனை விரலும் கடைசி நான்கு தாளில், அவரவர் பெயரில். ஹெலனுக்குத் தலைகால் புரியவில்லை. தேடுகிறார்கள்! ஐம்பது பேர் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள்!

“ஹெலனு, இங்க வா. இது இன்னாது?”

கூப்பிட்டது சாராள். பெண்கள் சங்கத் தலைவி. சபையில் பிரியாணி என்றால் வெங்காயம் அரிகிற படைக்கு அவள்தான் தளபதி.

“உங்க பேருதான்கா. இருபத்தோராம் பக்கம்.”

“தெரியுது. ஒண்ணே ஒண்ணா?”

“கட்டுரைல ஒரு எடத்துலதான்கா வர்றீங்க.”

“கெங்கம்மாளுக்கு நாலு போட்டுக்கீற! அவ சபைக்கே வர்றதில்லியே. ஆடி மாசம் கூழு ஊத்துறவ!”

“கோயிலு கட்டுறப்ப அவங்க ஊட்டு போர்லருந்துதானக்கா தண்ணி எடுத்தோம்? நாலு பேரு அத எழுதிக்கீறாங்க.”

“தண்ணி குடுத்தவளுக்கு நாலு. கண்ணுல தண்ணி வர அரிஞ்சவளுக்கு ஒண்ணு. நல்லாக்கீதுடி உன் கணக்கு.”

அதற்குள் எட்வர்ட் குரல் கொடுத்தார். ஆலை ஸ்டோர்ஸில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இரண்டு பேனா இல்லாமல் ஆராதனைக்கு வரமாட்டார். தன் பெயருக்குக் கீழே இருந்ததை உரக்கப் படித்தார். “எட்வர்ட். ஒலிபெருக்கி பழுதானது. கூரை ஒழுகியது. சாவி தொலைந்தது. கிறிஸ்துமஸ் அன்று பூட்டு உடைந்தது.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இன்னா சிஸ்டர் இது?”

“எல்லாம் நீங்க எழுதுனதுதாண்ணா.”

“நான் எழுதறப்ப சிரிப்பா இருந்துச்சும்மா. நீ எடுத்து அடுக்குனா எஃப்.ஐ.ஆர். மாரி கீது. அந்தக் கூரைய அப்பால மாத்துனது யாரு?”

“அது ‘கூரை’க்குக் கீழ கீதுண்ணா. ‘எட்வர்ட் மாற்றியது’ன்னு போட்டிருக்கேன்.”

“என்னியத் தேடறவன் என் பேர்ல தேடுவானா, கூரை மேல ஏறித் தேடுவானா?”

ஹெலன் பேனாவை எடுத்து அவர் பெயருக்குக் கீழே ‘கூரை’ என்று குறித்துக்கொண்டாள். ஏனென்றால் அவர் சொன்னது சரி. எந்தச் சொல்லோடு வாசகர் வருவாரோ அந்தச் சொல்லில் கதவு இருக்க வேண்டும் என்பது அவள் புதன்கிழமை சொல்லவிருந்த நான்காவது அறிவுரை.

ஆனால் அதற்குள் மேசையைச் சுற்றி ஆளுக்கொரு புகார். மணல் சுமந்தவர் பெயரைக் காணோம், மைக் செட் இலவசமாகக் கொடுத்தவர் பெயரைக் காணோம். கூச்சலை அடக்கக் கையை உயர்த்திக்கொண்டு ஹெலன் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“புக்குல இல்லாதத நான் போட முடியாதுங்க. புக்குல இருந்தா யாரு பேர வேணும்னாலும் போடுவேன்.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேனா தேடினார்கள்.

திங்கட்கிழமை பகல், மலருக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த வீரராகவன் தன் பஜார் கடையிலிருந்து போன் செய்தார். “மேடம், உங்க சபைல எல்லாரும் எழுத்தாளராயிட்டாங்கோ. காலைலருந்து ஒரே பேஜாரு. சாலமோன்னு ஒருத்தரு, எளாவூர் செக்போஸ்ட்ல கோயிலுக்கு ஓடு ஏத்திக்கினு வந்த லாரி நின்ன கதைய எழுதிக் குடுத்துகிறாரு. லாரி அங்கருந்து கெளம்பறதுக்கே மூணு பக்கம் ஆவுது.”

“அண்ணா, அத கடைசில வெச்சிட முடியாதா?”

“எல்லாரும் நடுவுலதான் கேக்குறாங்கோ. பக்கம் ஓடிக்கினே கீது. நேத்து முப்பத்திரெண்டுல ஒழுகுன கூரை இன்னிக்கி நாப்பத்தொண்ணுல ஒழுகுது.”

ஹெலன் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து எல்லா எண்ணையும் மாற்றினாள். மாற்றி முடிக்கும்போது யேசுதாஸ் என்பவர் ஞானஸ்நானத் தொட்டிக்குச் சிமெண்ட் பூசிய வரலாற்றோடு கடைக்கு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமையும் மாற்றினாள். மத்தியானம் கூரை ஐம்பதாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் எட்வர்ட் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“சிஸ்டர், கமிட்டில பேசிட்டோம். வியாழக்கெழம மத்தியானம் பிரஸ்ஸுக்குப் போவணும். நீ போட்ட நம்பரு ஒண்ணும் ஒத்துவரல. பேராயர் கைல புக்கக் குடுத்துட்டு, அவரு ஒண்ணத் தேட, அங்க வேற ஒண்ணு வந்தா யாரு பதில் சொல்றது? இந்த தபா இண்டெக்ஸ் வேணாம்.”

“அண்ணா, நீங்கதானே நகராதுன்னு சொன்னீங்க?”

“நான் நகரல. ஜனங்க நகர்த்துறாங்க. அடுத்த விழாவுல கண்டிப்பா போட்டுடலாம்.”

“அடுத்தது எப்போ?”

“பொன்விழா.”

ஹெலன் தன் வயதோடு அந்த வருடங்களைக் கூட்டிப் பார்த்தாள். கண் தெரிந்தால் பெரிது. டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். எட்வர்ட் டீ குடித்தார், சர்க்கரை கம்மி என்றார், எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், “வியாழன் காலைல சரியான நம்பரோட வந்தீனா போட்டுடறேன்” என்றார். சரியான நம்பர் வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் ஹெலன் மேசைமேல் அரிசி டின்னை வைத்து, அதன்மேல் கணினியை வைத்து, முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டியிருந்தாள், இடுப்புக்கு மேல்தான் தெரியும் என்றாலும். காலை ஷிப்ட் முடித்து வந்திருந்த இம்மானுவேல் கதவுக்கு வெளியே காவல். யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவு.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒருத்தி பூனையோடு, ஒருவர் காப்பிக் கோப்பையோடு. ஹெலன் பேச ஆரம்பித்தாள். முதல் ஐந்து நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. ‘நஞ்சு: விஷம் காண்க, விஷம்: நஞ்சு காண்க’ என்றதும் கட்டங்கள் குலுங்கின. அதற்கப்புறம் அவளுக்கு இறக்கை முளைத்தது. பக்கங்கள் முடிவாகுமுன் தொடாதீர்கள் என்று அவள் கையை நீட்டிச் சொன்ன அதே நேரத்தில் கதவு திறந்தது.

காவல்காரர் தோற்றுப்போயிருந்தார். உள்ளே வந்தது சாராள். ஒரு கையில் மடித்த காகிதம், அவளும் எழுதிவிட்டாள். இன்னொரு கையில், வீரராகவன் கடையில் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரிப் பக்கங்கள்.

“இன்னாம்மே, தனியாப் பேசிக்கினு கீற? யாரு இவங்கோ? வேற சபையா?”

“என் தொழில்காரங்கக்கா. கொஞ்சம் இருங்க.”

“இவங்க அல்லாரும் உன்ன மாரியேவா? பாவம்.” சாராள் முக்காலியை இழுத்துப் போட்டு, பூனைக்குக் கையசைத்து, திரைக்கு நேராகவே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தை நடத்திய அம்மாள், பக்கத்தில் யார் என்று கேட்டாள். சாராளை வெளியே போகச் சொல்ல முடியாது, போகவும் மாட்டாள். ஹெலன் சட்டென்று, “என் வாசகி” என்றாள். சொன்னபிறகு அது பிடித்தும் போயிற்று. வாசகர் எப்படித் தேடுகிறார் என்பதை நேரிலேயே பாருங்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை காட்டிய அந்த நான்கு தாளையும் சாராள் மடியில் வைத்தாள்.

“அக்கா, உங்களத் தேடிக் காட்டுங்க.”

சாராள் கண்ணாடியை மாட்டினாள். தன் பெயரைப் பிடித்தாள். இருபத்தொன்று. மாதிரிப் பக்கங்களைப் புரட்டினாள். இருபத்தொன்றில் லாரி நின்றிருந்தது. முன்னால் போனாள், பின்னால் வந்தாள். எரிச்சலோடு தாளை மேசையில் போட்டாள்.

“இந்தப் பக்கம் கிக்கமெல்லாம் எனக்கு வராது ஹெலனு. நான் எந்தக் காலத்துல பக்கம் பாத்து புக்கு தொறந்தேன்? எத்தினியாவது அதிகாரம், எத்தினியாவது வசனம்? அத்தச் சொல்லு. கண்ண மூடிக்கினு எடுக்கறேன்.”

ஹெலன் அவளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, நிறுத்தவே முடியவில்லை. சபையில் எவரும் பக்க எண் பார்த்து வேதத்தைத் திறந்ததில்லை. போதகர் அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்லி வாயை மூடுமுன் சாராள் விரல் அங்கே நிற்கும். பக்கம் எங்கே ஓடினாலும் வசனம் தன் எண்ணோடு கூடவே ஓடும். சட்டப் புத்தகங்களுக்குப் பத்தி எண்ணை வைத்து ஹெலனே செய்திருக்கிறாள், தன் சொந்த சபைக்கு அது தோன்றவில்லை! இருபது வருடமாகத் தெரியாதவர்களுக்கே செய்து செய்து, தெரிந்தவர்கள் எப்படிப் புத்தகம் திறப்பார்கள் என்பதே மறந்துவிட்டிருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினாள். கட்டங்கள் கைதட்டின. காப்பிக் கோப்பைக்காரர் எழுதிக்கொண்டார்.

“இன்னா சொன்ன என்னப்பத்தி?” என்றாள் சாராள்.

“நீங்கதான் கெட்டின்னு சொன்னேன்.”

“அத்த இண்டெக்ஸ்ல போடு.”

வியாழக்கிழமை விடிந்ததும் ஹெலன் ஷேர் ஆட்டோ பிடித்து வீரராகவன் கடையில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டுரையும் ஓர் அதிகாரம். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் வசன எண் மாதிரி பொடியாக ஓர் எண், இண்டெக்ஸில் பக்கத்துக்குப் பதிலாக அதுவே. வீரராகவனுக்கு முதலில் பிடிபடவில்லை, பிடிபட்டதும் குஷியாகிவிட்டார். “இதான் மேடம் ஷோக்கு. பக்கம் எப்படி வேணா போவட்டும்” என்று தட்டித் தள்ளினார்.

நடுவில் ஒரு பத்தி நுழைந்தால் வசன எண்ணும் நகர்ந்துவிடும், புது எழுத்தாளர்களை என்ன செய்வது என்பதுதான் ஹெலனுக்குக் கவலை. அந்தக் கவலைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. யேசுதாஸ் இரண்டு வரியை எழுதிக்கொண்டு வந்தார், மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் சேர்க்கச் சொல்லி. வீரராகவன் திரையைத் திருப்பிக் காட்டினார். யேசுதாஸ் எண்களைப் பார்த்தார்.

“இது இன்னா, வசனமா போட்டுட்டீங்களா?”

“ஆமா. எங்க நொழைக்கணும், சொல்லுங்கோ.”

யேசுதாஸ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். வசனத்துக்கு நடுவில் தன் வரியை நுழைக்க அந்தச் சபையில் எவருக்குக் கை வரும்? “வேணாம்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை.

எட்வர்ட் மட்டும் வந்தார். எண்களை நெடுநேரம் பார்த்தார். “சிஸ்டர், நம்ம கதைக்கு வசனம் போடுறது தப்பில்லியா?”

ஹெலன் போதகர் ஸ்டீபனுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். போதகர் சிரித்தது கடை முழுக்கக் கேட்டது. “நம்பரு எல்லாருக்கும் பொது பிரதர். பஸ்ஸுக்குக்கூடத்தான் நம்பர் கீது” என்றார். எட்வர்ட் போனைத் திருப்பிக் கொடுத்தார். தன் பெயரைத் தேடினார். ‘கூரையை மாற்றியது’ என்று கடைசியில் ஒரு வரி சேர்ந்திருந்தது, அதிகாரம் ஐந்து, வசனம் எட்டு. ஐந்தாம் அதிகாரத்தைத் திருப்பினார். எட்டாம் வசனத்தில் விரல் வைத்தார். கூரை அங்கேதான் மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

“சரியா கீது” என்றார். பேனாவை எடுத்து, அச்சுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேராயர் மலரை வெளியிட்டு, இந்தச் சபையின் எளிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாவம், அவர் பேச்சுக்கு நடுவிலேயே மண்டபமே புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் விரல். கிசுகிசுவாக அதிகாரங்களும் வசனங்களும் பறந்தன. “லாரிக்கு ஒம்பது, ரெண்டு!” “மைக் செட்டு ஆறுல கீது பாரு!” விருந்தாளியாக முன்வரிசையில் உட்கார வைத்திருந்த கெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சாராள் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உனக்கு நாலு எடம்டி, அதிர்ஷ்டக்காரி” என்று ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். நாலும் முடிந்ததும், “இப்ப என்னுது பாரு” என்று வேகமாகத் திருப்பினாள். சாராள், மூன்று இடம். போதாததற்கு வ வரிசையில் ஒன்று: வெங்காயம், சாராள் காண்க. கெங்கம்மாள், “ஐயே, வெங்காயத்துலயும் நீதானா?” என்றாள். பேராயர் பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

ஹெலன் கடைசி வரிசைத் தூணில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரே ஒருவரைத்தான் காணவில்லை. இம்மானுவேல் வெளியே பிரியாணி அண்டாவைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள், அந்த வாரம் மறுபடியும் மதிய ஷிப்ட். ஹெலன் சாதத்தைக் கேரியரில் அடைத்து, குழம்பு ஊற்றி, மூடியை அழுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இம்மானுவேல் சீருடையோடு குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றிருந்தார். கையில் மலர். பின்னாலிருந்து திறந்திருந்தது. விரல் கடைசிப் பத்தியின் கடைசியில் நின்றது.

“ஹ-ல ஒண்ணியும் இல்லியே” என்றார்.

“எதுல?”

“ஹ. வரிசைல கடைசி எழுத்து அதானே? ரெண்டாம் அதிகாரம் ஒம்பதாம் வசனத்துல, ‘ஹெலன் சண்டே கிளாஸ் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தாள்’னு கீது. பின்னாடி உன் பேரக் காணோம்.”

கேரியர் கையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பத்தியை அவள் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். பாட்டு என்று எடுத்திருக்கிறாள், சண்டே கிளாஸ் என்று எடுத்திருக்கிறாள். இண்டெக்ஸ் செய்கிறவளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் வருவதில்லை. அந்தப் பழக்கத்தில் கண் தாண்டிப் போயிருக்கிறது. தப்பு. சுத்தமான, மறுக்க முடியாத தப்பு. ஹெலனுக்கு உடம்பெல்லாம் சிரிப்பு ஏறியது. கேரியரை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பி ஒரு பெரிய கும்பிடு போட்டாள்.

“இன்னாமே இது?”

“மூணாவது அறிவுரை” என்றாள். “ஏங்க, நெசத்தச் சொல்லுங்க. மொதல்ல பின்னாடி தேடினீங்களா, இல்ல முன்னாடிலருந்து படிச்சிக்கினு வந்து அப்பால தேடினீங்களா?”

இம்மானுவேல் கேரியரை எடுத்தார். பைக் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார்.

“உங்களத்தான் கேக்குறேன். எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சீங்க?”

மலரை மூடினார், விரலை மட்டும் கடைசித் தாளுக்குள்ளேயே விட்டுவைத்து. அதை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். ஆலைக்கு நேரமாகிவிட்ட மனிதரைப் போல விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.